ஆறு வோல்ட் அடாப்டர்

ஜூலை 3, புதன்

தண்ணி வந்தது. ரெண்டு தொட்டியும் நிரப்பினேன். கோமதிக்கு முட்டு வலி, அதனால குழம்பு நான்தான் தாளிச்சேன். கடுகு கருகிப்போச்சு. ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டா, அதுவே பெரிசு.

தினகர் இன்னைக்குப் பேசினான். மார்ச்சுல அவனைச் சென்னையில இருந்து கூட்டிட்டு வந்ததுல இருந்து "ம்", "வேண்டாம்" இந்த ரெண்டு வார்த்தையிலயே நாலு மாசத்தை ஓட்டிட்டான். இருபத்தெட்டு வயசுப் பிள்ளை. மத்தியானம் அறையில இருந்து வந்து, நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். "அப்பா, அந்த கேம் இருக்கா?" அப்படின்னான். எந்த கேம்லேன்னேன். "மாமா கொடுத்தது."

கோமதியோட தம்பி சிங்கப்பூர்ல இருந்து கொண்டுவந்து கொடுத்த சாமான் அது. கையில வச்சு விளையாடுறது. சாம்பல் கலர், செங்கல் கனம், பச்சைத் திரை. கொடுத்தப்பவே பழசு. தேடிப் பாக்கேன்லேன்னு சொன்னேன். கோமதி அடுக்களையில நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. பிறகு ரொம்ப நேரம் முந்தானையால முகத்தைத் துடைச்சா.

ஜூலை 4, வியாழன்

பரண்ல ஏறினேன். அறுபத்திரண்டு வயசுல பரண்ல ஏறுறது கரண்ட் கம்பத்துல ஏறுறதை விடக் கஷ்டம். கம்பத்துல கரப்பான் பூச்சி கிடையாது.

கேம் கிடைச்சது. உள்ள நாலு செல்லை அப்படியே போட்டு வச்சிருக்கோம், சவம், அது கசிஞ்சு ஸ்பிரிங் பூரா பச்சைப்பூத்து அரிச்சுப்போச்சு. செல் போட்டு இனி ஓட்ட முடியாது. பக்கவாட்டுல அடாப்டர் குத்துற ஓட்டை மட்டும் சுத்தமா இருக்கு. துணியால துடைச்சு அவன்கிட்ட கொடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கி, பொத்தானை அமுக்கி அமுக்கிப் பாத்தான். அடாப்டர் எங்கப்பான்னு கேட்டான். காணோம்லே, புதுசு வாங்கிருவோம்னேன்.

கோமதி என்னைப் பார்த்தா ஒரு பார்வை. நான் கரப்பான் பூச்சி மருந்து வாங்கப் போயிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

தினகர் அறைக்கு, மார்ச்சுல நான் பயந்து கழட்டி வச்ச தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டிருவோமான்னு கோமதி கேட்டா. திருகாணி துருப்பிடிச்சுப்போச்சு, பிறகு பாப்போம்னேன். திருகாணி நல்லாத்தான் இருக்கு.

ஜூலை 6, சனி

பெரியாஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் அதே மாத்திரைதான் எழுதினார். டப்பா உங்க கையிலயே இருக்கட்டும் சார்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுதார். ஏதாவது ஆசைப்பட்டுக் கேட்கானான்னு விசாரிச்சார். கேம் கேட்டான்னேன். அவர் பேனாவைக் கீழ வச்சுட்டார். அது ரொம்ப நல்ல விஷயம் சார், தள்ளிப்போடாம செஞ்சு கொடுத்திருங்கன்னார். ஆறு வோல்ட் அடாப்டர்தானே, நாளைக்கே வாங்கிருதேன்னேன். முப்பத்திநாலு வருஷம் மின்வாரியத்துல வேலை பாத்து ஃபோர்மேனா ரிட்டயர் ஆனவன். கருமம், ஒரு அடாப்டர்.

தெருவுல எதிர்வீட்டுக்காரர், பையனுக்கு டைபாய்டு இன்னும் சரியாகலையான்னு கேட்டார். இல்லைன்னேன். நாங்க சொல்லி வச்சதுதான் அந்த டைபாய்டு.

ஜூலை 8, திங்கள்

ஜங்ஷன் பக்கம் மூணு கடை ஏறினேன். முதல் கடைக்காரன் செல்போன் சார்ஜரை எடுத்து நீட்டுதான். இது அஞ்சு வோல்ட்யா, எனக்கு ஆறு வேணும்னா, ஒண்ணுதான் சார் வித்தியாசம்ங்கான். அடுத்த கடைக்காரன் பன்னிரண்டு வோல்ட்டைக் கொடுத்து, கூட இருந்தா நல்லதுதானேன்னான். ஆம்பியர் கூட இருந்தா குத்தமில்ல, சாமான் தனக்கு வேணுங்கிறதை மட்டும் இழுத்துக்கிடும். வோல்ட் கூடினா செத்துரும்யான்னு அவனுக்கு நின்னு விளக்கிட்டு வந்தேன். வெயில் வேற. இந்த வருஷம் குற்றாலத்துல சாரலாம், இங்க நமக்கு வேர்வைதான்.

கடைசியில காஜா கடை. பழைய ரேடியோ, டேப்பெல்லாம் ரிப்பேர் பாக்கிறவர், பொறுமைசாலி. ஒரு அடாப்டர் எடுத்துக் கொடுத்தார். மூணுல இருந்து பன்னிரண்டு வோல்ட் வரைக்கும் திருகி வச்சுக்கிடலாம். முனையில மாட்டுறதுக்கு ஏழு தினுசு பின் கூடவே வருது. பின்னைத் திருப்பி மாட்டினா பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறும்.

"நடுவுல பிளஸ்ஸா, மைனஸா அண்ணாச்சி?"ன்னு கேட்டார். பழைய ஜப்பான் சாமான்ல சிலது தலைகீழா இருக்குமாம். கேம் பின்னால படம் போட்டிருக்கும், இல்லைன்னா வீட்டுல விளையாடினவங்க யாரையாவது கேட்டுட்டு வாங்கன்னார்.

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. எனக்கே கரண்ட் பாடமா? பல்பு திருகுற ஸ்க்ரூ ஹோல்டர்ல நடுவுல கரண்ட் வர்ற ஃபேஸ், வெளிச்சுத்துல நியூட்ரல். மாத்திக் கொடுத்தா பல்பு மாட்டுறவன் கை போயிரும். எத்தனை ஹெல்பர்களை இதுக்காக நாய்ப்பேச்சு பேசியிருக்கேன். உயிர் எப்பவும் நடுவுலதான்யா இருக்கும்னு சொல்லி, வாங்கிப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

எழுதவே பிடிக்கல.

காலையில அவன் குளிக்கப் போனான். நாமளா ஒரு தடவை போட்டுப் பாத்து, எரியவிட்டு, கையில கொடுப்போம்னு நினைச்சேன். வெளிய வரும்போது திரை எரிஞ்சுக்கிட்டிருக்கணும், அவன் முகத்தைப் பாக்கணும், அதுதான் ஆசை. ஆறு வோல்ட்ல வச்சேன். நடுவுல பிளஸ். குத்தினேன். பொத்தானைத் தள்ளினேன்.

ஒண்ணுமே எரியல. கருகின மீன் மாதிரி ஒரு வாடை மட்டும் வந்தது. பிடுங்கிட்டேன். பிடுங்கி என்ன. பின்பக்கத்து அழுக்கை நகத்தால சுரண்டிப் பாத்தா, படம் இருக்கு. நடுவுல மைனஸ்.

என்னங்க வாடைன்னு அடுக்களையில இருந்து கோமதி கேட்டா. பக்கத்து வீட்டுல மீன் பொரிக்காங்க போலன்னேன். செவ்வாய்க்கிழமை, காலையில எட்டு மணிக்கு.

அவன் தலையெல்லாம் சீவிக்கிட்டு வந்து நின்னான். நாலு மாசமா சீப்பு தொடாதவன். "பின் பெரிசாப் போச்சுலே, மாத்திட்டு வாரேன்"னு சொல்லி, கேமையும் பையில போட்டுக்கிட்டு இறங்கிட்டேன். நாலு தெரு தள்ளிப் போன பிறகுதான் செருப்பு மாறிப் போட்டிருக்கேன்னு தெரிஞ்சுது.

ஜூலை 10, புதன்

காஜா கழட்டிப் பாத்தார். உள்ள ஒரு சின்ன ஃபியூஸ் போயிருக்கு, அதை மாத்தியும் உசுர் வரல. கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற சின்ன சர்க்யூட் பலகையும் போயிருக்குமாம். சென்னையில ஒருத்தர்கிட்ட இருக்கும், சொல்லி வைக்கேன், பத்து நாள் ஆகலாம், வந்தாலும் நிச்சயம் இல்லைன்னார். ஒரு வார்த்தை குத்திக் காட்டல மனுசன். ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தா, தினகர் ஹால் நாற்காலியில உக்காந்திருக்கான். அவன் அந்த நாற்காலியில உக்காந்து பாத்தே எத்தனை நாளாச்சு. கிடைச்சுதாப்பான்னான். இந்தப் பின்னு ஒல்லியா இருக்குலே, நாளைக்கு வேற பாக்கணும்னேன். ஏழு பின்னையும் பத்தி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கவனமா கேட்டுக்கிட்டிருந்தான். பிறகு சொன்னான்:

"அது சென்டர் மைனஸ்ப்பா. கேட்டு வாங்குங்க."

எப்படிலே தெரியும்னேன். பழைய அடாப்டர்ல பாத்திருக்கேன்னான். கை கழுவப் போயிட்டேன். கையில ஒண்ணும் இல்ல, சும்மா கழுவினேன்.

முந்தாநாள் ஒரு வார்த்தை அவனைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பான். பக்கத்து அறையிலதான் இருந்தான். காஜாவும் அதைத்தானே சொன்னார். கேட்கத் தோணல எனக்கு.

ஜூலை 12, வெள்ளி

கோமதி பிடிச்சுக்கிட்டா. அடாப்டரைக் காணோம், காணோம்னு எத்தனை நாளைக்குச் சொல்லுவீங்க, நீங்கதானே வெட்டிப் போட்டீங்கன்னா. சரி, எழுதிருதேன். யார் படிக்கப் போறா.

அவன் பத்தாம் வகுப்பு. ரிவிஷன் பரீட்சையில கணக்குல அறுபத்திரண்டு. அன்னைக்கு ட்யூட்டி முடிஞ்சு வந்தா, சுவத்துல சாஞ்சு விளையாடிக்கிட்டிருக்கான். என் பையில கட்டிங் பிளையர் இருந்தது. அடாப்டர் வயரை அவன் கண் முன்னால மூணு துண்டா வெட்டினேன். அவன் அழல, எதிர்த்துப் பேசல. கேமைப் பெட்டியில வச்சான், செல்லைக்கூட எடுக்காம. புத்தகத்தைத் திறந்தான். பொதுத்தேர்வுல நானூத்தி எழுபத்தெட்டு. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், ஒரு வயரை வெட்டினேன், பையன் லைனுக்கு வந்துட்டான்னு. சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அதுக்குப் பிறகு என்கிட்ட எதையும் கேட்டதில்ல அவன். காலேஜ், வேலை, சென்னை, எல்லாம் அவனாத்தான். நல்ல பிள்ளை, தொல்லையே இல்லைன்னு ஊரெல்லாம் சொன்னேன்.

ஜூலை 13, சனி

இன்னைக்குச் சொன்ன பொய்: கடைக்காரர் கல்யாண வீட்டுக்குப் போயிட்டார்.

ஜூலை 15, திங்கள்

காஜா கடையில எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. ஆனா காலையில சட்டை போட்டுப் பையோட கிளம்பலைன்னா அவன் பாத்துக்கிட்டிருப்பான். வ.உ.சி. மைதானத்துல போய் உக்காந்தேன். நடக்கிறவங்க எல்லாம் நடந்து முடிச்சுப் போயிட்டாங்க. பேப்பரை ரெண்டு தடவை படிச்சேன். ஒருத்தர் வந்து, என்ன சார் டெய்லி உக்காந்திருக்கீங்க, வீட்டுல சண்டையான்னு கேட்டார். எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போனேன். பன்னிரண்டு மணி ஆக என்ன பாடு.

வீட்டுக்கு வந்தா நாற்காலியில அவன். ஷேவ் பண்ணியிருந்தான். இன்னைக்கு என்னாச்சுப்பான்னான். ஆறு வோல்ட்னு எழுதியிருந்தாங்க, மீட்டர் வச்சுப் பாத்தா ஒன்பது காட்டுது, வேண்டாம்னு வந்துட்டேன்னு சொன்னேன். லோடு இல்லாம பாத்தா அப்படித்தான்ப்பா காட்டும், மாட்டினா இறங்கிரும்னான். சரியாத்தான் சொல்லுதான். அரைமணி நேரம் பேசிக்கிட்டிருந்தோம். கோமதி ரசத்தோட நின்னு ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருந்தா.

இந்தப் பொய்யை விடவும் முடியல. கேம் செத்துப்போச்சுன்னு சொன்னா, அவன் எந்திரிச்சு அறைக்குள்ள போயிருவான். போனா திரும்ப வருவானா? எனக்கு அந்த பயம்தான். வேற ஒண்ணும் இல்ல.

ஜூலை 17, புதன்

காஜா செல்போன்ல காட்டினார். கோயம்புத்தூர்ல ஒருத்தர் இதே மாடலை, இதே கலர்ல விக்கிறாராம். வரவழைச்சு இதுக்குப் பதிலா அதைக் கொடுத்துட்டா அவனுக்குத் தெரியாதுல்லான்னேன். காஜா நம்ம கேமைத் திருப்பிக் காட்டினார். மூலையில காம்பஸ் முனையால "தி" கீறியிருக்கு. அதையும் கீறிக்கிட்டா போச்சுன்னு வாய் வரைக்கும் வந்தது. சீ. இதுக்கு மேல கேவலப்பட முடியாதுன்னு இருந்தது.

வேண்டாம் பாய்ன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஜூலை 18, வியாழன்

உடம்பு அசதி. மைதானம். பொய்: மழை வரும்போல இருந்தது, பாதியில திரும்பிட்டேன். வானம் வெள்ளையாக் கிடக்கு.

ஜூலை 20, சனி

கோமதி கோயிலுக்குப் போயிருந்தா. நானும் அவனும்தான். சட்டையைப் போட்டு, பையை எடுத்து, செருப்பு வரைக்கும் போயிட்டேன். குனிய முடியல. இடுப்பு இல்ல, மனசுதான். இன்னைக்கும் அந்த பெஞ்சுல போய் உக்காரணுமான்னு அப்படி ஒரு அலுப்பு. திரும்பி வந்து ஹால்ல தரையில உக்காந்தேன். தினகரு, இங்க வாலேன்னு கூப்பிட்டேன்.

சொல்லிட்டேன். கேமைக் கருக்கிட்டேன், பன்னிரண்டு நாள் ஆகப் போவுது, பின் பெரிசு சின்னதுன்னதெல்லாம் பொய், கடைக்காரர் கல்யாணத்துக்குப் போகல, பாதி நாள் நான் கடைக்கே போகலலேன்னு எல்லாத்தையும் சொன்னேன். பழசையும் சொன்னேன், அடாப்டரை நான் வெட்டினதை. அவனுக்குத் தெரியாததா, இருந்தாலும் என் வாயால சொல்லணும்னு இருந்தது. தப்புப் பண்ணிட்டேன்லேன்னேன். சொன்னதும் அழுகை வந்துட்டு. அவன் முன்னால அழுதது இதுதான் முதல் தடவை.

அவன் அறைக்குப் போகல. என் எதிர்ல தரையில உக்காந்தான்.

"தெரியும்ப்பா. சென்டர் மைனஸ்னு சொன்னப்பவே உங்க முகம் போன போக்குல தெரிஞ்சுது."

பிறகு எதுக்குலே தினமும் கேட்டேன்னேன். நீங்க தினமும் வந்து ஏதாவது சொன்னீங்கள்ளாப்பா, அதான்னான்.

நீங்க காலையில பையோட எங்க போய் உக்காந்திருப்பீங்கன்னு கேட்டான். வ.உ.சி. மைதானம்னேன். தலையாட்டினான். பிறகு அவனாச் சொன்னான். போன ஆகஸ்ட்லயே வேலை போயிட்டாம். ஒரே நாள்ல நாப்பது பேரை அனுப்பியிருக்காங்க. எங்ககிட்ட சொல்லல. கூட இருந்த ஃப்ரெண்டுகிட்டயும் சொல்லல. ஆகஸ்ட்ல இருந்து மார்ச் வரைக்கும், ஏழு மாசம், தினமும் குளிச்சு, சட்டையை இன் பண்ணி, கம்பெனி கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பியிருக்கான். பரங்கிமலை ஸ்டேஷன்ல கடைசி பெஞ்சு. சாயங்காலம் வரைக்கும் ரயில் போறதைப் பாத்துக்கிட்டு.

பொண்ணு விஷயமா இருக்கும்னுதான் நாங்க ரெண்டு பேரும் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தோம். வாயைத் திறந்து ஒரு தடவை கேட்கல.

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்லா மக்கா"ன்னேன்.

"தினமும் நீங்கதான் பண்ணினீங்களேப்பா, மத்தியானம் ஒரு மணிக்கு. அந்த பெஞ்சுல இருந்துதான் எடுப்பேன். சாப்பிட்டியான்னு கேப்பீங்க. சாப்பிட்டேன்பேன். சரி வேலையைப் பாருன்னு வச்சிருவீங்க."

ரயில் சத்தம் கேட்டிருக்கு எனக்கு. நல்லா ஞாபகம் இருக்கு. ஆபீஸ் பக்கத்துல ஸ்டேஷன் போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஏழு மாசம் தினமும் பிள்ளைகிட்ட ஃபோன் பேசுறேன்னு பெருமைப்பட்டுக்கிட்டும் இருந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

தண்ணி வந்தது. தொட்டி நிரப்பல.

காலையில ஏழு மணிக்கு அவன் காபி குடிக்க வந்தான். சாப்பிட்டியான்னு வாய்ல வந்துட்டு, பழக்க தோஷம், கடிச்சுக்கிட்டேன். உக்காருலே, அந்த ஏழு மாசத்துல முதல் நாள் எங்க போனே, என்ன பண்ணினே, அதைச் சொல்லுன்னேன். எதுக்குப்பான்னான். எனக்குத் தெரியணும்னேன்.

டம்ளரைச் சுத்திக்கிட்டே இருந்தான். பிறகு ஆரம்பிச்சான். முதல் நாள் தாம்பரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தானாம். டிக்கெட் பரிசோதகர் கழுத்துல கார்டைப் பாத்துட்டு, லேட்டாயிட்டா தம்பின்னு கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவனுக்கே லேசா சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. கோமதி அடுப்பை அணைச்சுட்டு வந்து அவன் பக்கத்துல உக்காந்தா. நடுவுல காஜா ஃபோன் பண்ணினார். நான் எடுக்கல.

புத்தி சொல்ல வாய் நமநமன்னுச்சு, சொல்லல. பிறகு, பிறகுன்னு மட்டும் கேட்டேன்.

மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பேசினான். செப்டம்பரே இன்னும் முடியல. மிச்சத்தை நாளைக்குச் சொல்லுதேன்னான்.